கினிப்பன்றியின் முதுகில் ஒரு கட்டி

கினிப்பன்றியின் தோலுக்கடியில் பட்டாணி அளவில் உருண்டு தட்டுப்படும் ஒரு கட்டி, பெரும்பாலான வேளைகளில், அந்த விலங்கின் உயிருக்கு உலை வைப்பதில்லை. அதைப் பிதுக்குவதும், வீட்டில் மீந்து கிடக்கும் மருந்தை ஊட்டுவதும், அந்தக் கலவரத்தில் அது தீனி எடுக்காமல் ஒடுங்கிக் கிடப்பதைக் கவனிக்கத் தவறுவதுமே உலை வைக்கின்றன. ஆகவே தோற்கட்டியுள்ள கினிப்பன்றியைப் பராமரிப்பது என்பது தோலைப் பற்றிய அறிவை வேண்டுவதைக் காட்டிலும், அதன் வயிற்றைப் பற்றிய அறிவையே அதிகம் வேண்டி நிற்கிறது.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய இந்தக் கொறிணி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரின் கப்பல்களில் ஐரோப்பா சென்று, அங்கிருந்து செல்லப்பிராணியாகவும் ஆய்வுக்கூட விலங்காகவும் உலகெங்கும் பரவியது. குளிர்ந்த மலைகளில் பழகிய உடல் என்பதால் 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே அதற்கு உகந்தது. 27 பாகையைத் தாண்டும் புழுக்கத்தில் அது வெப்பத்தாக்கால் இறந்துவிடவும் கூடும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மின்விசிறியும் ஈரத்துணியும் வைத்துச் சமாளிக்க வேண்டிய இந்தச் சிக்கல், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த இலங்கை மலையக ஊரான பொகவந்தலாவையில் அநேகமாக எழுவதில்லை. ஆனால் வெப்பத்தில் மிச்சப்படுத்தும் தொல்லையை அந்தப் பள்ளத்தாக்கு ஈரத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மூடுபனியும் தூறலுமாக நாட்கள் கழியும்போது, உலராத படுக்கையும் பூஞ்சணம் பிடித்த புல்லும் தோல் நோய்களுக்கு வழிதிறந்து விடுகின்றன.

தோலில் சாதாரணமாக வரும் கட்டிகளுள் ஒன்று பைக்கட்டி. மயிர் முளைக்கும் ஒவ்வொரு நுண்குழியையும் ஒட்டி, மயிருக்கும் தோலுக்கும் எண்ணெய்ப் பசை தரும் நெய்ச்சுரப்பி ஒன்று உண்டு. அதன் வாய் ஏதோவொரு காரணத்தால் அடைபடும்போது, சுரந்த நெய்யும் உதிர்ந்த தோற்செதில்களும் வெளியேற வழியின்றித் தங்கி, தம்மைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, சிறு பையாகத் திரள்கின்றன. மேலே தொட்டால் மெத்தென்றோ சற்று இறுகியோ இருக்கும் இக்கட்டி தோலோடு சேர்ந்தே அசையும், வலி இராது, உடைந்தால் பற்பசை போன்ற, சாம்பல் கலந்த வெண்ணிறப் பசை வெளிவரும். வெறுங்கண்ணுக்கு இதே தோற்றம் தருவது, மயிர்க்குழியின் உயிரணுக்களே மிகுந்து பெருகுவதால் உண்டாகும் ட்ரைக்கோஃபோலிகுலோமா என்னும் கட்டி. கினிப்பன்றிகளின் தோலில் வரும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், பெரும்பாலும் முதுகின் பின்பகுதியிலும் இடுப்பை ஒட்டியும் தோன்றுவதும், உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவாததும் இதுவே. புற்று என்ற சொல்லைக் கேட்டுக் கலங்க வேண்டிய இனத்தைச் சேர்ந்ததன்று எனினும், விட்டுவைத்தால் எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் பருத்து, தோல் மெலிந்து வெடித்து, நாட்கணக்கில் கசிந்து கொண்டிருக்கும் இயல்பு அதற்கு உண்டு.

கட்டி எங்கே இருக்கிறது என்பது, அது என்ன என்பதைப் பாதி சொல்லிவிடும். வால் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, மயிர் பிசுபிசுத்து, அரக்கு நிறத்தில் அழுக்குப் படிந்ததுபோல் தென்படும் தடிப்பு பல வேளைகளில் நோயே அன்று. அது ஆண் விலங்குகளில் மிகுதியாக இயங்கும் வாசனைச் சுரப்பி. சில துளி தேங்காயெண்ணெயை அதன்மேல் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டு, மென்மையான சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு துடைத்தால் அந்தப் படிவு கழன்றுவிடும். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வரும் வீக்கமோ முற்றிலும் வேறானது: கரடுமுரடான தீனி வாயின் உட்தோலைக் கீறும்போது, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகையைச் சேர்ந்த பற்றீரியா அந்தக் கீறலின் வழியே நுழைந்து, கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் சீழ்கோர்க்கச் செய்வதால் அது உண்டாகிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவும் செய்யும். கினிப்பன்றியின் சீழ் மனிதச் சீழைப்போல் ஒழுகாமல் தயிர்க்கட்டியாய் இறுகி நிற்பதால், கீறிவிட்டால் வடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே பலிப்பதில்லை. வயிற்றின் அடியில், முலைக்காம்புகளை ஒட்டி வரும் கட்டியைப் பெண் விலங்கில் மட்டுமன்றி ஆண் விலங்கிலும் தாமதமின்றிக் காட்ட வேண்டும், ஏனெனில் இரு பாலுக்கும் முலைச்சுரப்பியில் புற்று வருவதுண்டு. இவை தவிர, வளர்ந்த பெண் விலங்கின் இரு விலாப்புறங்களிலும் ஒரே சீராக மயிர் உதிர்ந்து வயிறும் பருத்துக் காணப்பட்டால், தோலில் கட்டி ஏதும் தட்டுப்படாவிட்டாலும், உள்ளே சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கக்கூடும் என்று வைத்தியர்கள் ஐயுறுவர்.

இத்தனை வகைகளையும் கையால் தடவிப் பார்த்தே பிரித்தறிய முடியாது என்பதனால்தான், மெல்லிய ஊசியால் கட்டியின் உள்ளிருப்பதைச் சிறிது உறிஞ்சியெடுத்து நுண்நோக்கியில் பார்க்கும் சோதனையை வைத்தியர் முதலில் செய்கிறார். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது சொற்பமே: கட்டியின் அளவைக் கிழமைக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தல், சூடு, சிவப்பு, கசிவு ஆகியவை உண்டா என்று பார்த்தல், விலங்கின் எடையை நிறுத்தல். செய்யக்கூடாதது ஒன்றேயொன்று, ஆனால் கை அதற்கே துடிக்கும். பிதுக்கினால் உள்ளிருக்கும் பசை வெளியே வருவதோடு நில்லாமல், உறை உள்ளுக்குள்ளேயே கிழிந்து சுற்றியுள்ள தசையிலும் பரவலாம். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கொண்டு அழற்சியால் எதிர்க்கும். அழற்சியின்மேல் கிருமி குடியேறினால், நேற்றுவரை வலியற்றிருந்த கட்டி சீழ்க்கட்டியாகிவிடும். வெளியே முழுவதும் வந்துவிட்டதாகத் தோன்றினாலும், உறை உள்ளே இருக்கும்வரை அது மீண்டும் நிரம்பவே செய்யும்.

தானாகவே உடைந்துவிட்டால் செய்ய வேண்டியது வேறு. கொதிக்கவைத்து ஆறிய அரை லீற்றர் நீரில் மட்டமான ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால், சுற்றியுள்ள மயிரை மெல்ல ஒதுக்கி, வந்ததை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். டெட்டோல் போன்ற கடுமையான கிருமிநாசினிகள் புண்ணின் இளந்தசையையே சுட்டுவிடுவன. மஞ்சளும் வேப்பெண்ணெயும் மலையகத்து வீடுகளில் மாட்டுப்புண்ணுக்குக் கைகொடுத்து வந்த மருந்துகள் என்பது உண்மையே. எனினும் மஞ்சள்தூள் புண்ணின்மேல் பொருக்காகக் காய்ந்து கசிவை உள்ளே அடைத்துவிடும், எண்ணெயை விலங்கு நக்கி விழுங்கிவிடும். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையே உள்ள உடலில், பசுவுக்குப் பொறுத்தது பொறுக்கும் என்று கொள்வதற்கில்லை.

வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் செல்ல முடியாது. புல்லையே முதன்மை உணவாகக் கொண்ட கினிப்பன்றியின் வயிற்றறையில் பெரும்பகுதியை, குருட்டுக்குடல் என்னும் பெரும்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. நார்ப்பொருளை அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து கொடுக்க, அதிலிருந்தே அவ்விலங்கு தன் சத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. இந்த ஏற்பாடு ஓயாத ஓட்டத்தை நம்பியது. வலியாலோ அச்சத்தாலோ விலங்கு உண்பதை நிறுத்தினால் குடலின் அசைவு தளர்ந்து, வாயு நிரம்பி, அதனால் வலி கூடி, வலி கூடுவதால் உண்பது மேலும் குறைந்து, ஒன்றையொன்று வளர்க்கும் சுழலுக்குள் அது விழுந்துவிடும். உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்க, அந்தக் கொழுப்பு ஈரலில் படிந்து அதனையும் பழுதாக்கும். அரை நாள் முழுவதும் எதையும் வாயில் வைக்காத கினிப்பன்றி, அதன் முதுகில் கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவசர நோயாளியே.

இதே குருட்டுக்குடலின் பொருட்டே, மனிதருக்கு மிகச் சாதாரணமான சில மருந்துகள் இவ்விலங்குக்கு நஞ்சாகின்றன. பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டு, பாதிப் போத்தல் மீந்து அலுமாரியில் நிற்கும் அமொக்சிசிலின் பாணி அவற்றுள் தலையாயது. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மருந்து உள்ளே சென்றால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைத் துடைத்தழித்துவிட, காலியான இடத்தில் க்ளொஸ்ட்ரிடியம் வகைப் பற்றீரியா பெருகி நஞ்சைச் சுரந்து, சில நாட்களுக்குள் கழிச்சலோடும் குளிர்ந்துபோன உடலோடும் விலங்கை மடியச் செய்கிறது. பெனிசிலின் மனிதகுலத்தின் அற்புத மருந்தாகக் கொண்டாடப்படத் தொடங்கிய காலத்திலேயே, 1943இல், கினிப்பன்றிகளை அது கொல்வது ஆய்வுக்கூடத்தில் பதிவாகியிருக்கிறது. கிருமியால் வரும் நோய்களை ஆராய்வதற்கே பேர்பெற்ற விலங்கு, அந்தக் கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தாங்கவில்லை என்பது மருத்துவ வரலாற்றின் கசப்பான முரண். வாய்வழியாகக் கொடுக்கும் கிளிண்டமைசின், லிங்கொமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் விலக்கத்தக்கவை. புண்ணில் பூசும் களிம்பும் நக்கப்பட்டு வயிற்றுக்கே போய்ச்சேரும் என்பதால், அதையும் கேட்டறிந்தே பூச வேண்டும். கிருமித் தொற்று உண்மையிலேயே இருக்குமானால், என்ரொஃப்ளொக்சசின், ட்ரைமெதோப்ரிம் சேர்ந்த சல்ஃபா போன்ற, குடல் தாங்கக்கூடிய மருந்துகள் வைத்தியரிடம் உள்ளன. அளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், வீட்டில் அதை ஊகிப்பதற்கு இடமில்லை.

புண் ஆறுவதற்கான வல்லமை உணவிலிருந்தே வர வேண்டும். இங்கே கினிப்பன்றியும் மனிதனும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். பெரும்பாலான பாலூட்டிகளின் ஈரல் விட்டமின் சியைத் தானே செய்துகொள்ள, இவ்விரு இனங்களும் அதற்கு வேண்டிய நொதியத்தை இழந்துவிட்டதனால் அதை உண்டே பெற வேண்டியிருக்கிறது. நோர்வே நாட்டு ஆய்வாளர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகிய இருவர், தானிய உணவை மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளில் கடலோடிகளுக்கு வரும் ஸ்கேவி நோய் தோன்றுவதை 1907இல் கண்டறிந்ததே, பின்னாளில் இந்த விட்டமினைத் தேடிக் கண்டடைய வழியமைத்தது. தோலையும் தசையையும் பிணைத்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதம் விட்டமின் சி இன்றி உருவாகாது. அது குறைந்த உடலில் தையல் போட்ட இடம் கூடாமல் பிளந்து நிற்கும். நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 10 மில்லிகிராமும், நோயுற்ற காலத்தில் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ வேண்டும். குடிநீரில் கரைத்து வைக்கும் விட்டமின் சில மணித்தியாலங்களுக்குள் சிதைந்துவிடுவதோடு, நீரின் சுவை மாறுவதால் விலங்கு குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் கூடும் என்பதால், அதை உணவாகவோ துளியாகவோ நேரே வாயில் கொடுப்பதே நம்பத்தக்க முறை.

பொகவந்தலாவை அடங்கிய நுவரெலியா மாவட்டம் மரக்கறிக்குப் பேர்போனது என்பதனால் இதற்குக் கடையை நாட வேண்டிய தேவை குறைவு. குடைமிளகாயின் சிறு துண்டு, வல்லாரை, முள்ளங்கி இலை, கொய்யாவின் ஒரு கீற்று ஆகியவை நன்று. கொய்யாவில் விட்டமின் மிகுதி என்றாலும் சர்க்கரையும் இருப்பதால் கீற்றோடு நிறுத்த வேண்டும். கோவா வாயுவைக் கூட்டக்கூடியது, நோயுற்ற வேளையில் அதைத் தவிர்ப்பதே நல்லது. அதே தோட்டத்தில் விளையும் லீக்ஸும், அதன் இனமான வெங்காயமும், உருளைக்கிழங்கின் கொடியும் இலையும் இவ்விலங்குக்கு ஆகாதவை என்பதை, மரக்கறிக் கழிவுகளை அள்ளிப் போடும் பழக்கமுள்ள வீடுகள் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

முதன்மை உணவான புல்லில்தான் தேயிலை நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. தேயிலை மலைகளின் வரிசைகளுக்கிடையே தழைக்கும் களைகளை அழிக்கக் களைகொல்லி தெளிப்பது தோட்ட நிர்வாகங்களின் வழமை. கிளைஃபோசேட் என்னும் களைகொல்லியை இலங்கை அரசு 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது என்பது, அந்தத் தொழில் அதை எவ்வளவு நம்பியிருந்தது என்பதைக் காட்டும். தெளித்த அன்றே புல் வாடிவிடுவதில்லை, சில நாட்கள் பச்சையாகவே நிற்கும் என்பதால், கண்ணுக்குச் செழிப்பாகத் தெரிகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி மலையிலிருந்து அறுத்துவருவது கூடாது. தெளிப்பு நடக்காத ஓடையோரத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ வளரும் இளம் கினிப்புல் ஏற்றது. மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் குவாத்தமாலாப் புல் மாட்டுக்கு நல்ல தீனியே. ஆயினும் அதன் முற்றிய இலை விளிம்பு கரடானது, கழுத்து வீக்கத்துக்கு வாயிற் கீறல் காரணமாவதை எண்ணும்போது இளந்தளிரன்றி வேறெதையும் கொடாமலிருப்பதே மேல். மழைக்காலத்தில் உலர்புல் செய்வது அங்கே எளிதன்று. அரைகுறையாக உலர்ந்து பூஞ்சணம் பூத்த புல்லைவிட, நீர் வடித்துத் துடைத்த பச்சைப்புல்லே பாதுகாப்பானது.

தோட்டப்புறங்களிலுள்ள அரச மிருக வைத்தியர்களின் பணிநேரத்தில் பெரும்பங்கைக் கறவைப் பசுக்களே எடுத்துக்கொள்கின்றன, அது நியாயமும் கூட. ஒரு லயத்துக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பசுவுக்குள்ள இடம் கினிப்பன்றிக்கு இல்லை. முதற் பரிசோதனையும் மருந்தும் அங்கே கிடைக்குமெனினும், மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய அறுவைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலையையோ, பெருநகரொன்றின் தனியார் சிகிச்சை நிலையத்தையோ நாட நேரும். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனை அடைந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மலையிறங்கிச் செல்லும் அந்தப் பயணத்தில் வளைவுகளைவிட வெப்பமே கவலைக்குரியது. மேலே நடுங்கிய விலங்கு கீழே பேராதனையில் மூச்சிரைக்கலாம். காற்றோட்டமுள்ள பெட்டியும், வழி நெடுகக் கொறிக்கப் புல்லும், நீருக்குப் பதிலாக வெள்ளரித் துண்டுகளும் போதும். கூட்டாக வாழும் இயல்புடையதாகையால், அதன் கூட்டாளியும் உடன் சென்றால் அச்சம் தணிந்து அது தீனி எடுக்கும்.

அறுவை சிகிச்சையில் கட்டியை உறையோடு முழுவதாக எடுத்துவிடுவதே நோக்கம். அப்படி எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் வருவது அரிது. நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல் முந்தைய இரவிலிருந்து பட்டினி போடுமாறு கினிப்பன்றிக்குச் சொல்லப்படுவதில்லை. அதற்கு வாந்தி வராது, பட்டினியோ குடலைக் கெடுக்கும். வாயில் தீனி தங்கியிருக்கக்கூடாது என்பதற்காக மட்டும் சிறிது நேரம் நிறுத்தி, வாயைக் கழுவிவிடுவர். மென்னண்ணம் நாக்கின் அடியோடு ஒட்டிச் சிறு துவாரம் மட்டுமே விட்டிருப்பதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கடினம் என்பதும், ஆகவே பெரும்பாலும் முகமூடி வழியாகவே மயக்க வாயு கொடுக்கப்படுகிறது என்பதும், இவ்வினத்தில் பழக்கமுள்ள வைத்தியரைத் தேடுவதன் அவசியத்தை விளக்கும். எடுத்த கட்டியை எறிந்துவிடாமல் நோயியல் சோதனைக்கு அனுப்பச் சொல்வது நல்லது, ஏனெனில் அது இன்னதென்ற முடிவான விடை அங்கேதான் கிடைக்கும்.

வீடு திரும்பிய முதல் இரவே தீர்மானமான இரவு. மயக்கம் தெளிந்த சில மணித்தியாலங்களுக்குள் அது கொறிக்கத் தொடங்கி, புழுக்கை போட வேண்டும். தொடங்காவிட்டால், உருண்டைத் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டுப் பீய்ச்சினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும், விழுங்கும்வரை காத்திருப்பதே இதிலுள்ள ஒரே நுட்பம். வலி உள்ள விலங்கு உண்ணாது என்பதனால், மெலொக்சிகம் போன்ற வலிநிவாரணியை வைத்தியர் எழுதிய நாட்கள் முழுவதும் தவறாது கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பனடோலைப் பொடித்துக் கொடுக்கலாகாது. மரத்தூள் தையலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், புண் கூடும்வரை பழைய பருத்திச் சேலைத் துண்டுகளை விரித்து நாள்தோறும் மாற்றலாம், மழைநாட்களில் அவற்றை அடுப்படிக்கு மேலே உலர்த்தி எடுப்பதே வழி. ஈ மொய்க்கும் இடத்தில் ஈரப்புண் இருந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடக்கூடும் என்பதால், கூட்டின்மேல் வலைத்துணி போடுவது மிகையான எச்சரிக்கை அன்று. தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாட்கள் வரையில் எடையைக் கிழமைக்கொருமுறை நிறுப்பது போதாது, சமையலறைத் தராசில் தினமும் காலையில் நிறுக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், தையல் எவ்வளவு அழகாகக் கூடியிருந்தாலும், மீண்டும் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எல்லாக் கட்டியையும் அறுக்க வேண்டியதில்லை. கினிப்பன்றியின் ஆயுள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். ஆறு வயதைக் கடந்து, மூச்சிலோ இதயத்திலோ குறையுள்ள விலங்குக்கு மயக்க மருந்தே கட்டியைவிடப் பெரிய ஆபத்தாக அமையலாம் என்பதால், வளராத, உடையாத, நடைக்கும் தூக்கத்துக்கும் இடையூறு தராத பைக்கட்டியை அப்படியே விட்டுவைக்குமாறு வைத்தியர் சொல்வதுண்டு. அப்போது கட்டியைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துத் தோலை உலர்வாக வைத்திருந்து, அளவைக் கிழமைதோறும் குறித்து வந்து, திடீரென வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ மட்டும் முடிவை மறுபரிசீலனை செய்வர்.